அருவியைப் பாலாக்காமல் படமெடுப்பது

காட்டு அருவிப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாமே ஒரே அருவிதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிடும். நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை, இரண்டு பக்கமும் பச்சைப் பாசி, முன்னால் ஒரு கரும்பாறை, அவ்வளவுதான். அந்தப் பட்டையைத் தண்ணீர் என்று நம்புவதே கஷ்டம், யாரோ மேலே உட்கார்ந்து பாலை ஊற்றிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அழகில்லை என்று சொல்லவில்லை. சுவரில் மாட்ட நல்ல படம்தான். ஆனால் அருவிக்கு நேரில் போய் நின்ற யாருக்கும் அது அப்படித் தெரிந்திருக்காது. அங்கே இரைச்சல் உண்டு, காற்று உண்டு, முகத்தில் சாரல் அடிக்கும், தண்ணீர் ஒரு பாறையில் மோதிச் சிதறி அடுத்த பாறைக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும். இதில் எதுவும் அந்த வெள்ளைப் பட்டையில் இருக்காது. சமீபத்தில் நண்பன் ஒருவனோடு ஒரு காட்டு அருவிக்குப் போய்வந்தேன். தண்ணீரைத் தண்ணீராகவே படத்தில் கொண்டுவர என்னென்ன செய்தேன் என்று எழுதிவைக்கலாம் என்று இந்தப் பதிவு. ஃபோனில் எடுப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பாதை ஓடையை ஒட்டியே போகிறது. அருவி கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாலேயே காதில் விழுந்துவிட்டது, ஆனால் தூரத்தில் கேட்பது தாழ்ந்த ஒரு உறுமல் மட்டும்தான். கிட்டப் போகப் போகத்தான் 'ஸ்ஸ்ஸ்' என்கிற கூர்மையான சத்தமெல்லாம் வந்து சேர்கிறது. இடையில் இருக்கும் இலைகளும் கிளைகளும் கூர்மையான சத்தத்தை அதிகமாக விழுங்கிவிடுகின்றன, தாழ்ந்த சத்தம் அவற்றைத் தாண்டி வந்துவிடுகிறது. இந்தச் சத்தத்துக்கே பெரும்பாலும் குமிழிகள்தான் காரணம். தண்ணீர் தண்ணீரில் விழும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழ் ஒவ்வொன்றும் சுருங்கி விரிந்து அதிர்கிறது. மார்செல் மின்னார்ட் என்பவர் 1933-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குமிழ் பெரிதானால் சுருதி இறங்கும், சிறிதானால் ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நொடிக்கு ஏறத்தாழ 3,300 தடவை அதிரும். ஆக, கனமான உறுமல் கேட்டால் நிறையத் தண்ணீர் மொத்தமாக ஒரு மடுவில் விழுகிறது என்றும், வெறும் சலசலப்பு கேட்டால் பாறைப் படிகளில் வழிந்து இறங்குகிறது என்றும் ஓரளவு ஊகிக்கலாம். எந்த லென்ஸை முதலில் மாட்டுவது என்று நடக்கும்போதே ஒரு யோசனை ஓடும். நான் அதில் பொழுதைப் போக்கினேன், நண்பன் சருகில் வழுக்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்தான்.

வானம் மூடியிருந்தது. “வெயிலே இல்லையே, படம் நல்லா வருமா?” என்று அவன் கேட்டான். இதைக் கேட்காத ஆளே இல்லை. ஆனால் காட்டு அருவிக்கு வெயில்தான் எதிரி. இலை இடுக்கு வழியாகப் பொட்டுப் பொட்டாக விழும், அந்தப் பொட்டு விழுந்த நுரை கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, ஒரு சாண் தள்ளி இருக்கும் பாறை இடுக்கு கரி. நம் கண் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரால் ஒரே சொடுக்கில் அவ்வளவு வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. மேகம் மூடினால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சீராக இறங்குகிறது, நுரையிலும் விவரம் தெரியும், பாசியிலும் தெரியும். இன்னொரு லாபம் ஷட்டர் வேகத்தில், அதாவது வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில். மூடிய வானத்தின் கீழே, மரங்களுக்கு நடுவே, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 11 என்று வைத்தால் ஷட்டர் கால் நொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே அமைப்பில் நல்ல வெயிலில் 1/250 நொடி வரும். அதனால் அருவிக்குப் போகிறோம் என்றதும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை வாங்க ஓட வேண்டிய அவசியம் இல்லை. மூடிய வானமே பாதி ஃபில்டர் வேலையைச் செய்துவிடும்.

அருவி பெரியதில்லை. மேலே ஒரு விளிம்பு, அங்கிருந்து சுமார் ஐந்து மீட்டர் நேராக ஒரு விழுது, அதன் இடது பக்கம் தண்ணீரில் ஒரு பங்கு பிரிந்து சின்னச் சின்னப் படிகளாக இறங்குகிறது, கீழே கரும்பச்சையாக ஒரு மடு. விழும் தண்ணீருக்குப் பின்னால் பாறை உள்ளே குடைந்திருந்தது. இந்த மாதிரி அருவிகள் பலவற்றின் பிறப்பு அதில்தான் இருக்கிறது. மேலே கெட்டிப் பாறை, கீழே மென்மையான பாறை. தெறிக்கும் நீரும், அது உருட்டும் கற்களும் கீழ்ப்பாறையைக் குடைந்துகொண்டே போகின்றன. ஒரு நாள் மேலே இருக்கும் கெட்டிப் பாறை பிடிமானம் இல்லாமல் உடைந்து விழுகிறது. அருவி கொஞ்சம் பின்வாங்குகிறது. மடுவைச் சுற்றிக் கிடக்கும் பெரிய பெரிய பாறைகள் பல அப்படி ஒரு காலத்தில் விளிம்பாக இருந்தவைதான். படத்தின் முன்னணிக்குப் பாறை தேடும்போது இது எனக்கு ஒரு சுவாரசியம், மேலே இருக்கும் விளிம்பின் நிறமும் அடுக்கும் கீழே கிடக்கும் கல்லிலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் இரண்டையும் ஒரே ஃப்ரேமில் கொண்டுவரப் பார்ப்பேன்.

சரி, கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. விளிம்பில் ஏதாவது ஒரு வெள்ளைத் திரளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது கீழே வந்து விழும் வரை கண்ணாலேயே துரத்த வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ண வேண்டும். ஐந்து மீட்டர் நேர் வீழ்ச்சி என்றால் ஒரு நொடி. 20 மீட்டர் என்றால் இரண்டு நொடி. ஒன்றேகால் மீட்டர் என்றால் அரை நொடி. இது பள்ளிக்கூடத்துப் புவியீர்ப்புக் கணக்குதான். ஆனால் உயரமாகவும் மெலிவாகவும் விழும் அருவிகளில் கணக்கு பொய்த்துவிடும், ஏனென்றால் தண்ணீர் துளியாக உடைந்ததும் காற்று அதைத் தடுக்க ஆரம்பிக்கிறது. பெரிய மழைத்துளியே நொடிக்கு 9 மீட்டர் அளவுக்கு மேல் வேகம் எடுப்பதில்லை. ஆகவே கணக்குப் போடுவதைவிட எண்ணுவதே மேல்.

எதற்கு இந்த எண்ணிக்கை என்றால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விழும் நேரத்தைத் தொட்டுவிட்டால், மேலேயிருந்து கிளம்பும் ஒவ்வொரு திரளும் முழு உயரத்துக்கும் ஒரு கோடு போட்டுவிடுகிறது. கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. எல்லாம் சேர்ந்தால் எந்தக் கோடும் தெரியாது, வெறும் வெள்ளை. நான் பிடித்திருக்கும் பழக்கம், விழும் நேரத்தில் கால் பங்குக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காமல் இருப்பது. ஐந்து மீட்டர் அருவிக்கு உச்ச அளவு கால் நொடி. அந்தக் கால் நொடியில் அடிப்பகுதித் தண்ணீர் இரண்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆனால் விளிம்பில் அப்போதுதான் விழத் தொடங்கும் தண்ணீர் அதே நேரத்தில் முப்பது சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். இதனால் என்ன ஆகிறது என்றால், மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகவும், நடுவில் இழை இழையாகவும், கீழே கலங்கலாகவும் ஒரே படத்துக்குள் மாறிக்கொண்டே போகிறது. வேகம் கூடிக்கொண்டே போவது படத்தில் தெரிகிறது. மூன்று நொடி திறந்து வைத்தால் இந்த வித்தியாசம் மொத்தமும் போய்விடும். 1/8 நொடிக்குப் போனால் இழைகள் இன்னும் குட்டையாகி அருவிக்கு முரட்டுத்தனம் கூடும். எனக்கு அன்றைக்கு 1/6 ஒத்துவந்தது. இடது பக்கத்துப் படிகளில் தண்ணீர் பாறையைத் தடவிக்கொண்டே மெதுவாக வருவதால் அதற்கு அரை நொடிகூடத் தாங்கும், அதைத் தனிப் படமாக எடுத்தேன்.

இந்தப் பட்டு மாதிரியான தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்ட ஈரக் கொலோடியான் முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். காட்டுக்குள் போனால் இருட்டறைக் கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தகடு ஒளியை உணரும் வேகமோ ரொம்பக் குறைவு, ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்து வைத்தே தீர வேண்டும். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1872-ல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்த அருவிப் படங்களில் தண்ணீர் வெள்ளையாகக் கரைந்து நிற்பது இதனால்தான். அதே ஆள் பின்னால் ஓடும் குதிரையின் காலை நிறுத்திப் படமெடுத்துப் பேர் வாங்கினார் என்பது தனிக்கதை. அன்றைக்கு வேறு வழியில்லாமல் வந்தது இன்றைக்கு ஃபில்டர் மாட்டிக் காசு கொடுத்து வாங்கும் தோற்றமாகிவிட்டது.

வேகமான ஷட்டர் மட்டும்தான் நேர்மையானது என்றும் நான் சொல்லமாட்டேன். 1/1000 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் நிற்கும். வெள்ளம் வந்து அருவி ஆங்காரமாகக் கொட்டும்போது அதுதான் சரி, அந்த ஆங்காரத்துக்குக் கூர்மையான விளிம்புகள் வேண்டும். ஆனால் மரநிழலில் 1/1000 வேண்டுமென்றால் அப்பர்ச்சரை நன்றாகத் திறந்து ஐஎஸ்ஓவையும் பல ஆயிரத்துக்கு ஏற்ற வேண்டும், சாதாரண ஓட்டமுள்ள அருவியில் அத்தனை பாடுபட்டு எடுத்தாலும் உறைந்த கஞ்சல்தான் மிஞ்சும். வெள்ளத்தை விடவும் மழை விட்டுச் சில நாள் கழித்து வருகிற நடுத்தர ஓட்டம்தான் எனக்குப் பிடிக்கும். தண்ணீர் நிறைய வந்தால் பாறை மொத்தமும் மூடிப்போய் அருவிக்கு உருவமே இருக்காது.

பளபளப்பை வெட்டும் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) ஃபில்டர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அருவிக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் எடுத்துப்போக முடியும் என்றால் நான் என்டியை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன். காட்டில் எல்லாமே ஈரமாக இருக்கும். ஈரமான இலை, ஈரமான பாசி, ஈரமான கல் என்று எல்லாவற்றின் மேலும் வானத்தின் வெளுப்பு ஒரு படலமாகப் படிந்திருக்கும். அது பிரதிபலிப்பு. பிரதிபலித்த ஒளியில் பெரும்பங்கு ஒரே தளத்தில் அதிர்கிறது, ஃபில்டரைத் திருப்பினால் அந்தப் பங்கை வெட்டிவிடலாம். எந்தக் கோணத்தில் இது முழுமையாக நடக்கும் என்று டேவிட் ப்ரூஸ்டர் 1815-ல் கண்டு சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி, அதாவது நீர்மட்டத்திலிருந்து 37 டிகிரி சாய்வில் பார்த்தால் பளபளப்பு அநேகமாகக் காணாமல் போகும், மடுவின் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். இதை நினைவில் வைத்திருந்தால் ட்ரைபாடின் உயரத்தை மாற்றியே வேலையைச் சாதித்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி வரை திருப்பிவிடாதீர்கள். பளபளப்பு மொத்தமும் போனால் ஈரக் கல் காய்ந்த கல்லாகத் தெரியும், மடுவும் செத்துப்போகும். கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

சிபிஎல் மாட்டினால் வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) அளவுக்குக் குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன கால் நொடி முக்கால் நொடிக்குக் கிட்டே போய்விடும், பால் வடிய ஆரம்பிக்கும். அதற்காக எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று மாற்றினேன், 1/6 கிடைத்தது. ஷட்டரை மெதுவாக்குவதற்காக எஃப் 22 வரை மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துளை அவ்வளவு சின்னதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுக்க மங்கல் தட்டும். எஃப் 8, எஃப் 11 போதும்.

இதற்கு நடுவில் நண்பன் ஒரு பாறையில் உட்கார்ந்து அருவியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, “டேய், அந்தக் கல்லு மேல போகுதுடா!” என்றான். கொஞ்ச நேரம் விழும் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மெதுவாக மேலே நகர்கிற மாதிரித் தெரியும். ஸ்காட்லாந்தில் ஃபோயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-ல் இதை எழுதிவைத்திருக்கிறார். 'அருவி மயக்கம்' என்றே இதைச் சொல்லலாம். கீழ்நோக்கிய அசைவை உணரும் மூளைச் செல்கள் தொடர்ந்து வேலை செய்து சோர்ந்துவிடுகின்றன, எதிர்த் திசைக்காரர்கள் கை ஓங்கிவிடுகிறது, அசையாத பாறை மேலே போகிறது. விளையாட்டாகத் தோன்றினாலும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வியூஃபைண்டரில் வெகுநேரம் தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு உடனே பாசிப் பாறையில் காலை வைக்காதீர்கள். சில நொடி வேறெங்காவது பார்த்துவிட்டு நகருங்கள்.

ஃப்ரேம் விஷயத்துக்கு வருகிறேன். அருவியை முழுசாகப் படமெடுப்பது ஒரு சம்பிரதாயம், அதை முதலிலேயே எடுத்து முடித்துவிட்டால் மனசு லேசாகிவிடும். முழு அருவியை எடுக்கும்போது பெரும்பாலும் மேல் மூலையில் வானம் ஒரு வெள்ளைத் துண்டாக எட்டிப் பார்க்கும். படம் பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். விளிம்புக்கு மேலே கொஞ்சம் மரம், அதோடு ஃப்ரேமை வெட்டிவிட வேண்டும். வானம் வந்தே தீரும் என்றால் ஒரு தாழ்ந்த கிளைக்குக் கீழே நகர்ந்து அதை வைத்தே மறைக்கலாம். அப்புறம், எல்லாரும் அருவிக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய் வைட் ஆங்கிளில் எடுக்கிறார்கள். அதில் அருவி சுருங்கி, முன்னால் இருக்கும் கல் ஊதிப்போகிறது. நான் ஓடையோடு கீழே இறங்கி, தூரத்திலிருந்து, தொலைவைக் கிட்டே இழுக்கும் ஒரு 70–200 லென்ஸில் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒரு படியில் தண்ணீர் மூன்றாகப் பிரிவது, ஒரு பெரணி இலையின் நுனி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விலகுவது, கரும்பாறையின் மேல் ஒற்றை இழை. இந்தத் துண்டுகளில்தான் இழைகளின் அழகு தெரிகிறது. கீழே ஓடையிலிருந்து பார்த்தால் தண்ணீர் வளைந்து நம்மை நோக்கி வருவதும் கிடைக்கும், அருவி பின்னால் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

கிட்டே போனால் இன்னொரு தொல்லை, அருவியே காற்று வீசும். விழும் தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வந்து மடுவில் மோதி எல்லாப் பக்கமும் தள்ளிவிடுகிறது. காடு முழுக்க இலை அசையாத நாளிலும் அருவி ஓரத்துப் பெரணிகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். 1/6 நொடியில் அவை பச்சைப் புகையாகிவிடும். இதற்கு ஒரே வழி ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு படம். ஒன்று தண்ணீருக்கு 1/6-ல், இன்னொன்று ஐஎஸ்ஓவை ஏற்றி இலைக்கு 1/100-ல். வீட்டில் போய் இரண்டாவது படத்தின் இலைகளை முதல் படத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இது ஏமாற்றா என்று கேட்பவர்கள் உண்டு. என் கண் அந்த இலையைக் கூர்மையாகத்தான் பார்த்தது, அதனால் எனக்கு உறுத்தலில்லை.

அதே காற்றுதான் சாரலையும் லென்ஸில் கொண்டுவந்து அடிக்கிறது. ஃப்ரேம், ஃபோகஸ் எல்லாம் முடிவாகும் வரை லென்ஸ் மூடியைக் கழற்றக் கூடாது, ஃபோகஸ் பார்த்ததும் திரும்ப மூடிவிட வேண்டும். ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்னால் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. துணி ஒன்று போதாது, முதல் துணி சீக்கிரமே சொதசொதவென்று ஆகிவிடும். நண்பனை அருவிப் பக்கம் குடையோடு நிறுத்தினேன். அவன் முனகினான், ஆனால் நின்றான்.

ட்ரைபாடை ஓடும் தண்ணீரில் வைக்க வேண்டி வந்தால் கால்களை நன்றாக அகட்டி, மணலில் அழுத்தி, நடுத்தண்டை உயர்த்தாமல் வைக்க வேண்டும். தண்ணீர் காலில் மோதி எழுப்பும் அதிர்வு கைக்குத் தெரியாது, படத்தில் தெரியும். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு இரண்டு நொடி டைமர் போட்டு எடுத்தேன்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை, கேமரா முடிவுக்கே விட்டால் அருவி வெளுத்துப்போகும். கரும்பாறையும் நிழலும் ஃப்ரேமை நிறைத்திருப்பதைப் பார்த்து, இடம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து அது வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. நுரை வெள்ளையாகத் தெரிவது குமிழிகளும் துளிகளும் எல்லா நிறங்களையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால்தான், வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அந்த வெள்ளையில் இருக்கும் மேடு பள்ளம் அழிந்துவிடும். ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது சுவரைத் தொடாத வரைக்கும் குறைத்தேன், முக்கால் ஸ்டாப்பில் சரியாக வந்தது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன நுரையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

மேகம் கொஞ்ச நேரம் விலகியது. சாரலில் ஒரு வானவில் துண்டு விழுந்தது, நண்பன்தான் முதலில் பார்த்தான். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், நம் நிழலின் தலையிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி வில் தெரியும். இதற்கு ஓர் இடத்தில் நின்று காத்திருப்பதில் பயனில்லை, பக்கவாட்டில் நகர்ந்தால் வில்லும் கூடவே நகரும், அருவியின் எந்தப் பகுதியில் அது விழ வேண்டும் என்று நாமே தீர்மானிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வானவில்லின் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது, சிபிஎல்லைத் தப்பாகத் திருப்பினால் வில் மறைந்துவிடும்.

ஃபோன்காரர்களுக்கு: ஐபோனில் லைவ் ஃபோட்டோவை லாங் எக்ஸ்போஷராக மாற்றும் வசதி 2017-ல் வந்தது. அது மூன்று நொடிப் பதிவை ஒன்றாகக் கலக்கிறது, ஐந்து மீட்டர் அருவிக்கு அது ரொம்ப அதிகம். அகலமாகப் பரந்து மெதுவாக ஓடும் ஓடைக்கு நன்றாக இருக்கும். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க விடும் ப்ரோ மோடு உள்ள ஃபோன் என்றால் ஃபோனைக் கல்லில் சாய்த்துவைத்து 1/8 நொடி முயன்று பாருங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் படமெடுக்கும் ஆர்வத்தில் இதைத்தான் முதலில் மறப்போம். மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் கலங்க ஆரம்பித்தாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சலின் சுருதி மாறினாலோ, ட்ரைபாடை விட்டுவிட்டுக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அருவியின் விளிம்புக்கு மேலே போய்ப் படமெடுப்பதை நான் செய்வதே இல்லை. விழும் இடத்து நுரையில் நீந்தவும் கூடாது, காற்று கலந்த தண்ணீருக்கு அடர்த்தி குறைவு, நல்ல நீச்சல்காரரையே அது தாங்காது. பாசியை மிதிக்காமல் நடங்கள் என்று சொல்வதற்குக் காரணம் வழுக்கல் மட்டுமில்லை. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பாறையை லேசாகப் பற்றிக்கொண்டு மேல்பரப்பாலேயே தண்ணீரை உறிஞ்சி வாழ்கிறது. ஒரு காலடியில் பெயர்ந்துவிடும், திரும்ப வளர வருஷக்கணக்கில் ஆகும். நல்ல கோணம் பாசியின் மேல்தான் இருக்கிறது என்றால் அந்தக் கோணத்தை விட்டுவிடலாம், லென்ஸை மாற்றினால் வேறொன்று கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் ஏன் நிறையப் படம் எடுக்க வேண்டும் என்பது தெரிகிறது. நீண்ட எக்ஸ்போஷரில் எல்லாப் படமும் ஒன்று போலவே இருக்கும், அங்கே ஒன்று எடுத்தால் போதும். 1/6 நொடியில் ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் வேறு உருவத்தில் இருக்கிறது, ஒன்றில் இழைகள் அழகாகப் பிரிந்திருக்கும், அடுத்ததில் ஒரு கட்டியாக வந்து பாறையை மறைத்திருக்கும். பொறுக்கி எடுப்பதே ஒரு மாலை வேலை. நிறத்தில் நான் பெரிதாகக் கை வைக்கவில்லை. இலைகளின் வழியாக வந்த வெளிச்சத்தால் நுரையில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது, அதைக் குறைத்தேன், முழுசாக எடுக்கவில்லை. கான்ட்ராஸ்டைத் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் கூட்டினேன், இழைகள் எழுந்து வந்தன. பச்சையை ஏற்றும் ஸ்லைடரைத் தொடவே இல்லை, சிபிஎல் அந்த வேலையை அங்கேயே முடித்துவிட்டது.

கடைசியாக ட்ரைபாட். ஓடையில் வைத்த கால்களை அன்றைக்கு இரவே முழுசாக நீட்டி, பூட்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே காயவிட வேண்டும். மணல் உள்ளே உட்கார்ந்துவிட்டால் அடுத்த தடவை காலை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் அந்தப் பூட்டு ஒருநாளும் இறுகாது.